துரித உணவு விளம்பரம் நியாயமானதா? அளந்து பார்த்துப் புகார் செய்யும் வழி

பர்கர், பீட்சா, வறுத்த கோழி விளம்பரங்களில் அப்பட்டமான பொய் அபூர்வம். ஒவ்வொரு வரியும் வழக்கறிஞரின் கண்ணைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. தவறு வேறோர் இடத்தில் நடக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று கண்ணில் படாத மூலைக்குப் போய்விடுகிறது. அது எடையாக இருக்கலாம், கலோரியாக இருக்கலாம், கடைசியில் கட்டும் மொத்தத் தொகையாக இருக்கலாம், புகழ்ந்து பேசுபவர் காசு வாங்கியவர் என்ற தகவலாகவும் இருக்கலாம். எது மறைந்தது, எங்கே மறைந்தது என்று காட்டிவிட்டால் புகார் நிற்கும். "ஜங்க் ஃபுட் விற்கிறார்கள், உடம்புக்குக் கெடுதி" என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் எங்கும் போய்ச் சேராது.

இந்த வழிகாட்டி இந்தியச் சட்டங்களை வைத்து எழுதப்பட்டது. தொலைபேசி எண்களில் ஒன்று தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, 15 செ.மீ. அடிக்கோல், தேதியும் நேரமும் பதியும் கைபேசி, கடை பில். பில்லில் 14 இலக்க உணவு உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். புகாரில் கிளையை அடையாளம் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை.

முதல் வேலை: விளம்பரத்தைப் பிடித்து வைப்பது

இணைய விளம்பரம் இன்று இருக்கும், நாளை காணாமல் போகும். பார்த்தவுடன் திரைப்பதிவை ஓடவிடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் அசைவும் குரலும் போய்விடும். அடியில் ஓடும் பொடி எழுத்து எத்தனை நொடி நின்றது என்பதும் தெரியாது. தொலைக்காட்சி என்றால் சேனல், நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் ஆகிய நான்கையும் குறியுங்கள். சாலையோரப் பதாகை என்றால் அருகில் நின்று ஒரு படம், சாலையில் போகிறவர் பார்க்கும் தூரத்திலிருந்து ஒரு படம். பொடி எழுத்து வாசிக்கக்கூடியதா என்பதை இரண்டாவது படம்தான் சொல்லும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். யூடியூபுக்கும் கூகுள் தேடலுக்கும் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையம் இருக்கிறது. மெட்டா நூலகத்தில் நம் நாட்டு வணிக விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் தெரியும், நிறுத்திவிட்டால் மறைந்துவிடும். அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பிடித்ததை நான்காகப் பிரியுங்கள்: சொல், படம், விலை, யாரை நோக்கிப் பேசுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு.

சொல்லைச் சோதிப்பது

"ஊரிலேயே ருசியான பர்கர்" என்பது அபிப்பிராயம். அதை எதிர்த்து யாரும் வெல்ல முடியாது, விட்டுவிடுங்கள். அளக்கக்கூடிய சொல்லைத் தேடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ஆம் ஆண்டு விளம்பரம் மற்றும் கூற்றுகள் ஒழுங்குமுறை சில சொற்களுக்கு எண்ணை நிர்ணயித்திருக்கிறது. திடப்பொருளில் "கொழுப்பு குறைவு" என்றால் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு கூடாது. "சர்க்கரை குறைவு" என்றால் 100 கிராமுக்கு 5 கிராம். பானத்தில் 100 மி.லி.க்கு 2.5 கிராம். "சர்க்கரை இல்லை" என்று சொல்ல 0.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். "சோடியம் குறைவு" என்றால் 100 கிராமுக்கு 0.12 கிராம். "டிரான்ஸ் கொழுப்பு இல்லை" என்றால் 0.2 கிராமுக்குக் கீழே.

பெரிய சங்கிலிக் கடைகள் பலவும் தங்கள் இணையதளத்தின் அடிப்பகுதியில் ஊட்டச்சத்துப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் "ஒரு பரிமாறலுக்கு" என்று இருக்கும். பரிமாறல் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கிய பிறகே மேலே சொன்ன எல்லைகளோடு ஒப்பிடுங்கள். 180 கிராம் பர்கரில் 9 கிராம் கொழுப்பு என்றால் 100 கிராமுக்கு 5 கிராம். அது "கொழுப்பு குறைவு" ஆகாது. இந்த வகுத்தலைச் செய்யாமல் அனுப்பிய புகார் முதல் பதிலிலேயே விழுந்துவிடும்.

உண்மையைச் சொல்லியே ஏமாற்றும் சொற்களும் உண்டு. உருளைக்கிழங்கு ஃப்ரைஸுக்கு "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போடுவது அந்த வகை. தாவர எண்ணெயிலும் கிழங்கிலும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய இல்லை என்பதால், அந்த எண்ணெயில் பொரித்த எந்தக் கடை ஃப்ரைஸிலும் அது சொல்லும்படி இருக்காது. எல்லோருக்கும் பொதுவானதைத் தன் தனிச்சிறப்பு போலக் காட்டுவதுதான் இங்கே குறை. புகாரில் அப்படியே எழுதுங்கள்.

டெசர்ட் பக்கத்தில் "ஐஸ்கிரீம்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பால்கொழுப்பில் செய்தது ஐஸ்கிரீம். தாவர எண்ணெயில் செய்தது ஃப்ரோசன் டெசர்ட். பெட்டியிலோ மெனுவிலோ ஒன்றைச் சொல்லிவிட்டு விளம்பரத்தில் இன்னொன்றைச் சொல்வது தவறு. சீஸுக்கும் இதே சோதனைதான்.

பாக்கெட் உணவின் பிராண்ட் பெயரிலேயே "இயற்கை", "ஃப்ரெஷ்", "ஒரிஜினல்", "பாரம்பரியம்" போன்ற சொல் இருந்து, பொருள் அப்படி இல்லையென்றால், இது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்கவில்லை என்ற வாசகம் உறையில் இருக்க வேண்டும். எழுத்தின் அளவு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடிக்கோலை எழுத்தின்மேல் வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்தது நட்சத்திரக் குறி, அதாவது கூற்றின்மேல் * போட்டு அடியில் பொடி எழுத்தில் தரும் நிபந்தனை. தமிழ் வாசகர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, பொறுப்புத்துறப்பு வாசகம் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். கூற்றின் எழுத்துருவிலேயே இருக்க வேண்டும், சாதாரணமாகப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கூற்றை விளக்கலாம், தெளிவுபடுத்தலாம். அதற்கு நேர்மாறாகப் பேசக் கூடாது. தமிழில் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கத்திவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் "தேர்ந்த கிளைகளில், வார நாட்களில் மட்டும்" என்று ஓடவிடுவது இந்த விதிக்கு முரண். நிரூபிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, திரைப்பதிவே போதும். புதிதாகப் புகார் செய்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

கலோரிப் பலகை

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமம் வைத்திருக்கும் உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே பரிமாறல் அளவையும் அதன் கிலோ கலோரியையும் மெனுவில் காட்டியாக வேண்டும். சுறுசுறுப்பான சராசரி வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவை, இது ஆளுக்கு ஆள் மாறலாம் என்ற வாசகமும் அங்கே இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு லேபிள் மற்றும் காட்சிப்படுத்தல் ஒழுங்குமுறையில் வந்த இந்த விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கடைக்குள் பார்க்க வேண்டியவை: ஆர்டர் கொடுக்கும் இடத்தில் நின்றால் அந்த எண் வாசிக்க முடிகிறதா? தொடுதிரையில் முதல் பக்கத்திலேயே வருகிறதா, இரண்டு தட்டு தட்டினால்தான் வருகிறதா? பீட்சாவுக்குக் காட்டும் எண் முழு வட்டத்துக்கா, ஒரு துண்டுக்கா? எட்டுத் துண்டு பீட்சாவில் ஒரு துண்டின் கலோரியை மட்டும் பார்த்து இதுதான் மொத்தம் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

விதியில் சில விலக்குகள் உண்டு. மெனுவில் பட்டியலிடாமல் இலவசமாக, நாமே எடுத்துக்கொள்ளும்படி வைக்கும் சாஸ் வகைகளுக்கும், நம் விருப்பப்படி மாற்றிக் கேட்கும் உணவுக்கும் கலோரி காட்ட வேண்டியதில்லை. ஆகவே கூடுதல் சீஸ் கேட்டாலோ, மயோனைஸ் பாக்கெட் இரண்டு எடுத்தாலோ பலகையிலுள்ள எண்ணைவிட வயிற்றுக்குள் போவது அதிகம். இதில் விதிமீறல் எதுவும் இல்லை, புகாரில் சேர்க்காதீர்கள்.

காம்போவை "கொஞ்சம் பெரிசு பண்ணிக்கலாமா?" என்று கேட்பது இந்த வியாபாரத்தின் மிக வலுவான வசனம். அதைக் கணக்காக எழுதிப் பாருங்கள். இவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் கடைப் பலகையிலிருந்து சரியானதை இட்டுக்கொள்ளுங்கள். பர்கர் 400, நடுத்தர ஃப்ரைஸ் 320, 300 மி.லி. கோலா 130, மொத்தம் 850 கிலோ கலோரி. பெரிதாக்கினால் ஃப்ரைஸ் 430, கோலா 450 மி.லி. 195, மொத்தம் 1,025. நாற்பது ரூபாய் கூடுதலுக்கு 175 கிலோ கலோரி ஏறியது, ஒரு நாள் தேவையில் பாதி ஒரே தட்டில் முடிந்தது. சாதாரண கோலாவில் 100 மி.லி.க்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 450 மி.லி.யில் ஏறக்குறைய 47 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு மொத்த ஆற்றலில் 10 சதவீதம்; 2,000 கிலோ கலோரிக்கு அது 50 கிராம். இன்னும் நல்லது 25 கிராமுக்குள் என்கிறது. கோப்பையின் கொள்ளளவில் ஐஸும் சேரும் என்பதால் உண்மையான பானத்தை அளக்க ஐஸ் இல்லாமல் கேட்டு வாங்குங்கள்.

உப்புக்குப் பட்டியலில் சோடியம்தான் இருக்கும். 2.5-ஆல் பெருக்கினால் உப்பு கிடைக்கும். 1.2 கிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. ஒரு நாள் வரம்பு 5 கிராம்.

படத்தைச் சோதிப்பது

விளம்பரப் பர்கருக்கும் கைக்கு வரும் பர்கருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, மெக்டொனால்ட்ஸின் கனடா நிறுவனம் 2012-ல் தன் படப்பிடிப்பையே காணொளியாகக் காட்டியது. கடையில் ஓரிரு நிமிடத்தில் கட்டும் பர்கரை ஸ்டூடியோவில் பல மணி நேரம் அடுக்குகிறார்கள். வெங்காயம், ஊறுகாய், சீஸ், சாஸ் எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் முன்விளிம்புக்கு நகர்த்துகிறார்கள். கடைப் பர்கரில் அவை நடுவில் கிடக்கும். பெட்டிக்குள் ஏறும் ஆவியில் பன் சுருங்கும். பொருள் அதே பொருள்தான், வைத்த இடம் வேறு.

அடுக்கும் முறையைக் குறையாகச் சொன்னால் புகார் நிற்காது. அளவையும் எண்ணிக்கையையும் பிடியுங்கள். படத்தில் பன்னுக்கு நடுவே வைக்கும் வட்டமான இறைச்சி (பேட்டி) பன்னின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, கையில் வந்ததில் விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே நிற்கிறது என்றால் அது அளவு. படத்தில் எட்டு இறால், பெட்டியில் ஐந்து என்றால் அது எண்ணிக்கை.

செய்முறை இது. கடையிலேயே, வாங்கிய ஐந்து நிமிடத்துக்குள், பெட்டியைத் திறந்து தட்டில் வையுங்கள். கைபேசியைப் பர்கரின் மட்டத்துக்கே தாழ்த்தி அரை மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். பக்கத்தில் அடிக்கோல் நிற்கட்டும். மேலிருந்து எடுத்தால் எல்லாப் பர்கரும் தட்டையாகத்தான் தெரியும், எதிர்த்தரப்பு அதையே பதிலாகச் சொல்லும். பிறகு தராசில் வைத்து, தராசின் எண்ணும் பில்லும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். மெனுவில் காட்டிய பரிமாறல் எடையோடு ஒப்பிடுங்கள். ஒரு தடவை குறைந்தால் அது சமையலறைக் கவனக்குறைவாக இருக்கலாம். வெவ்வேறு நாட்களில், முடிந்தால் இரண்டு கிளைகளில், மூன்று முறை வாங்கி எடுத்த சராசரிக்கு மறுப்புச் சொல்வது கடினம். வீட்டுக்கு வரவழைத்ததை அளக்கலாம், ஆனால் வழியில் நசுங்கிய உயரத்தை வைத்து வாதிடாதீர்கள். எடை மட்டும் போதும்.

விலையைச் சோதிப்பது

"₹99 முதல்" என்ற பதாகைக்கு ஒரே கேள்வி: அந்த 99 ரூபாய்ப் பொருள் இன்று, இந்தக் கடையில் கிடைக்கிறதா? கவுன்டரில் அதை மட்டும் கேளுங்கள். "தீர்ந்துவிட்டது, ₹149 காம்போதான் இருக்கிறது" என்ற பதில் மூன்று வெவ்வேறு நாட்களில் வந்தால் அது தூண்டில் விளம்பரம். அந்த விலையில் விற்க நியாயமான அளவு சரக்கு இல்லாமல் விளம்பரம் செய்வதை 2022 நெறிகள் தடுக்கின்றன. "இலவசம்" என்பதற்கும் அதே நெறிகளில் வரம்பு உண்டு. விளம்பரத்துக்குப் பதில் அனுப்பவும், பொருளைப் போய் வாங்கவும் அல்லது வரவழைக்கவும் ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையும் கட்டச் சொன்னால் அது இலவசம் ஆகாது.

செயலியில் ஆர்டர் செய்யும்போது முதல் திரையிலிருந்து பணம் கட்டும் திரைவரை ஒரே பதிவாக எடுங்கள். முதல் திரை விலைக்கும் கடைசித் தொகைக்கும் நடுவில் எது எந்தத் திரையில் ஏறியது என்று எழுதுங்கள்: பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரி, வரி. 2023 நவம்பர் 30 அன்று வந்த இருள் வடிவமைப்பு (டார்க் பேட்டர்ன், அதாவது விரும்பாததைச் செய்யவைக்கும் திரைத் தந்திரம்) தடுப்பு நெறிகள் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. அவற்றில் உணவுச் செயலிகளைப் பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டியவை நான்கு. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது ஒன்று. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது இன்னொன்று. முன்கூட்டியே டிக் செய்த நன்கொடைப் பெட்டி இதில் வரும். "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சம் செய்யப் பிடிக்காது" என்று பொத்தானில் எழுதிக் கூச்சப்படுத்துவது மூன்றாவது. பொய்யான அவசரம் நான்காவது. அவசரத்தைச் சோதிக்க, "இன்னும் 10 நிமிடம்" என்று ஓடும் கடிகாரத்தைப் பதிவு செய்து, 15 நிமிடம் கழித்துச் செயலியை மூடித் திறவுங்கள். மறுபடியும் பத்திலிருந்து ஓடினால் சான்று கிடைத்தது.

அவசரத்தை விற்பதற்கு இன்னொரு விலையும் உண்டு, அதைச் சாலையில் ஓடுபவர்கள் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டொமினோஸ் தன் 30 நிமிட உத்தரவாதத்தை 1993-ல் கைவிட்டதற்குக் காரணம் விபத்து வழக்குகள்தான். வேகத்தை வாக்களிக்கும் விளம்பரத்தை எடைபோடும்போது, வண்டி ஓட்டுபவரையும் கணக்கில் வையுங்கள்.

குழந்தைகளை நோக்கிய விளம்பரம்

இந்த விஷயத்தில் மிகக் கனமான பகுதி இதுதான். 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விளம்பரம் என்பது விற்பதற்காகப் பேசும் பேச்சு என்றே புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-ல் சொன்னது. புரியாதவரிடம் விற்பது பெரியவரிடம் பேரம் பேசுவது போன்றதல்ல. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980 முதலே 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது.

இந்தியாவில் 2022 நெறிகளின்படி சிப்ஸ், குளிர்பானம் போன்ற ஜங்க் உணவு விளம்பரங்கள் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின்போதும், குழந்தைகளுக்கு மட்டுமான சேனலிலும் வரக் கூடாது. சோதிப்பது எளிது. கார்ட்டூன் சேனலை ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஒவ்வோர் உணவு விளம்பரத்தையும் நேரத்தோடு பட்டியலிடுங்கள். குழந்தைகள் பார்க்கும் யூடியூப் காணொளிக்கு நடுவில் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மை தரும் சாப்பாட்டுப் பெட்டி வேறு நிலை. தேவையில்லாமல் வாங்கத் தூண்டும் பரிசு அறிவிப்புகளை அந்த நெறிகள் "ஊக்கப்படுத்தக் கூடாது" என்கின்றன, நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆகவே பொம்மை இருப்பதையே குற்றமாக எழுதாமல், விளம்பர நேரத்தில் எத்தனை நொடி பொம்மைக்கும் எத்தனை நொடி உணவுக்கும் போனது என்று அளந்து எழுதுங்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் ஊட்டச்சத்து வரம்பைத் தாண்டிய பெட்டிக்கு இலவசப் பொம்மை கூடாது என்று 2010-ல் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்தபோது மெக்டொனால்ட்ஸ் பொம்மைக்கு 10 சென்ட் வாங்கி விதியைத் தாண்டியது. சட்டத்தின் வார்த்தையை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வீட்டில் செய்ய ஒன்று: கடைக்குப் போகும் முன்பே "பொம்மை தனியாக என்ன விலை, சாப்பாடு தனியாக என்ன விலை?" என்று பிள்ளையையே கவுன்டரில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனிப் பொருள் என்பது அந்த ஒரு கேள்வியில் பிள்ளைக்குப் புரிகிறது.

பள்ளி விஷயத்தில் விதி திட்டவட்டமானது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விற்கவோ, இலவசமாகக் கொடுக்கவோ, விளம்பரம் செய்யவோ கூடாது. அந்த வாசகத்தைப் பள்ளி வாசலில் பலகையாக வைக்க வேண்டும். பாடநூல் அட்டை, பேருந்து, விளையாட்டு மைதானம் எதிலும் அந்த உணவு நிறுவனத்தின் சின்னம் கூடாது. 50 மீட்டரைக் கைபேசி வரைபடத்தின் தூரம் அளக்கும் வசதியால் வாசலிலிருந்து அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; அளவு நாடா இருந்தால் இன்னும் நல்லது. முதல் கடிதம் தலைமையாசிரியருக்குப் போகட்டும். பல பள்ளிகள் விளையாட்டு விழாவுக்கு ஸ்பான்சர் வாங்கும்போது இந்த விதி இருப்பதே தெரியாமல் கையெழுத்திடுகின்றன. ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போங்கள்.

உணவு யூடியூபர்கள்

இலவசச் சாப்பாடு, பயணச் செலவு, பணம், பரிசு, தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட குறிப்பேடு விளம்பரம், ஸ்பான்சர், கூட்டு முயற்சி, கட்டண விளம்பரம் போன்ற எளிய சொற்களைப் பயன்படுத்தச் சொல்கிறது. காணொளி என்றால் காணொளிக்குள்ளேயே, குரலிலும் எழுத்திலும் வர வேண்டும். கீழே விவரக் குறிப்பில், ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவில் ஒளித்து வைத்தால் ஆகாது. நேரலை என்றால் தொடர்ந்து திரையில் நிற்க வேண்டும்.

பணம் வாங்கினார் என்பதை வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம். ஒரே வாரத்தில் பல சேனல்கள் ஒரே கடையை ஒரே வாக்கியங்களில் புகழ்வது, கடை அந்தக் காணொளியையே விளம்பரமாக ஓட்டுவது, பெயர் பொறித்த தள்ளுபடிக் குறியீடு தருவது ஆகிய தடயங்களைச் சேருங்கள். "காசு வாங்கினார்" என்று எழுதாமல், "தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறது, அறிவிப்பு இல்லை, விசாரியுங்கள்" என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் உங்கள்மேலேயே அவதூறு வழக்காகத் திரும்பலாம்.

எங்கே, எதற்காகப் புகார்

தவறான இடத்துக்கு அனுப்புவதால்தான் பெரும்பாலான நியாயமான புகார்கள் வீணாகின்றன.

விளம்பரம் மாற வேண்டும் அல்லது நிற்க வேண்டும் என்றால் ஆஸ்கி எனப்படும் இந்திய விளம்பரத் தரநிலைக் குழு. 1985-ல் தொடங்கிய தொழில்துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு. நுகர்வோருக்குக் கட்டணமில்லை, உங்கள் பெயரை நிறுவனத்திடம் சொல்வதில்லை. வாட்ஸ்அப் எண் 77100 12345. இழப்பீடு தராது, அபராதமும் போடாது. ஆனாலும் அதன் நெறிக்கு மாறான விளம்பரத்தை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்வதால், தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அங்கே பலம் அதிகம்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, வாட்ஸ்அப் 88000 01915. முதலில் இதைச் செய்யுங்கள். சின்னத் தொகைகள் இங்கேயே முடிவதுண்டு. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

பலரைப் பாதிக்கும் தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். 21-ஆம் பிரிவுப்படி விளம்பரத்தை நிறுத்தவும், முதல் முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை தண்டத்தொகை விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விளம்பரத்தில் தோன்றி சிபாரிசு செய்பவருக்கும் இது பொருந்தும்.

கலோரிப் பலகை, பள்ளி வாசல், உறையின் வாசகம், கெட்டுப்போன உணவு எல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் 94440 42322.

மனுவின் மாதிரி

"பொருள்: (நிறுவனம்) விளம்பரத்தில் உள்ள தவறான கூற்று.

ஐயா/அம்மா, (நாள், நேரம்) அன்று (சேனல்/செயலி/இடம்) வெளியான விளம்பரத்தில் '(கூற்றை அப்படியே மேற்கோளில்)' என்று உள்ளது. (நாட்கள்) ஆகிய தேதிகளில் (கிளை, உரிம எண்) கடையில் மூன்று முறை வாங்கியதில், மெனுவில் காட்டிய ___ கிராமுக்குப் பதில் முறையே ___, ___, ___ கிராம் இருந்தது. இதை அறியாமலே வாடிக்கையாளர் வாங்க முடிவு செய்கிறார். இது 2022-ஆம் ஆண்டு தவறான விளம்பரத் தடுப்பு நெறிகளுக்கு முரண் எனக் கருதுகிறேன். கேட்பது: (விளம்பரத்தைத் திருத்துதல் / நிறுத்துதல் / ₹___ திரும்பத் தருதல்). இணைப்பு: 1. திரைப்பதிவு 2. பில்கள் 3. எடைப் படங்கள்."

ஒரு மனுவில் ஒரு கூற்று. ஐந்து குறைகளை ஒன்றாகக் கொட்டினால் நிறுவனம் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைத் தாண்டிப் போகும். கூற்றைச் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும், "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பதிலுக்கு இடம் கிடைக்கும். அனுப்பும் முன் பழைய விலைப்பட்டியலை எடுத்துவிட்டோமா, வேறு ஊர்க் கிளையின் சலுகையை இங்கே கேட்டோமா என்று ஒரு முறை சரிபாருங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

நீங்களே கடை நடத்தினால்

சின்ன பர்கர் கடை, ஷவர்மா கடைக்காரர்களில் பலர் இணையத்தில் கிடைத்த படத்தைப் பதாகையில் போடுகிறார்கள். அது உங்கள் உணவு இல்லை. அதைப் பார்த்து வந்தவர் முதல் நாளே ஏமாந்து திரும்புவார். உங்கள் சமையலறையில் செய்ததை, விற்கும் அளவிலேயே, பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். எடையையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சலுகைக்கு முடியும் தேதியும், "முதல் 50 பேருக்கு" என்றால் அந்த எண்ணும், சலுகை எழுத்தின் அளவில் பாதிக்குக் குறையாமல், தமிழில் இருக்கட்டும். எல்லா நிபந்தனை வாசகமும் கூற்றின் எழுத்துருவிலேயே வரட்டும். யூடியூபரை அழைத்தால், அழைத்ததைக் காணொளியிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

பதில் வரும்வரை வாரம் ஒரு முறை அதே விளம்பரத்தைத் தேடிப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். "திருத்திவிட்டோம்" என்று பதில் வந்த பிறகும் பழைய பதாகை ஏதோ ஒரு கிளையில் தொங்கலாம், வட்டார சேனலில் பழைய பதிப்பு ஓடலாம். தீர்மானம் வந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒரு படம் இருந்தால், அது புதிய புகாரின் முதல் இணைப்பு. பழைய ஒப்புகை எண்ணை அதன் மேல் வரியில் எழுதி அனுப்புங்கள்.